தெரியாதவர் தேவை

அனுமந்தன்பட்டியில் அசெம்பிளி மொழி தெரியாத ஆள் ஒருவர்கூட மிச்சமில்லை என்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம் உறைத்தபோது அனிதா மேரிக்குத் தலை சுற்றியது.

உடனே ஊரே படித்துப் பட்டம் வாங்கிவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கெட்டுப்போகிற அளவுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பால்காரர் பாலை ஊற்றிக்கொண்டே, "ரெஜிஸ்டருங்கிறது உள்ளங்கை மாதிரி, ஒரு நேரத்துல ஒண்ணுதான் நிக்கும், அதானத்தா?" என்றார். தையல்கடை அருள்செல்வி தோள் அளவு எடுக்கும்போது, "மெமரியையும் மெமரியையும் நேராக் கூட்ட முடியாதுல்ல? ஒண்ணையாவது கையில எடுத்துக்கிறணும்ல?" என்று கேட்டாள். பஸ் ஸ்டாப்பில் உத்தமபாளையம் வண்டிக்கு நின்ற ஒரு பெரியவர், யார் எவர் என்றே தெரியாது, அனிதாவைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

இத்தனைக்கும் காரணம் அனிதாவின் வாய். அது சும்மா இருந்ததாகச் சரித்திரமே இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பிராசசரோடு நேருக்கு நேர் பேசுகிற மொழிதான் அசெம்பிளி. நடுவில் தரகர் கிடையாது. இதை எடு, அங்கே வை, அதோடு கூட்டு என்று ஒவ்வொரு அசைவையும் நாமே சொல்ல வேண்டும். அந்த மொழிக்கு, கம்ப்யூட்டரில் ஒரு வரி எழுதியறியாதவர்களும் படிக்கிற மாதிரித் தமிழில் பாடம் எழுத உட்கார்ந்தாள் அனிதா. எழுதிய ஒவ்வொரு வரியையும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்படிச் சொல்லிச் சொல்லியே ஊரைக் காலி பண்ணிவிட்டாள்.

காலி பண்ணியதில் என்ன தப்பு என்றால், இப்போது அவளுக்கு உடனடியாக ஒரு தெரியாதவர் வேண்டும்.

இணையத்தில் பல மொழிகளில் புதிதாக வரப்போகும் ஒரு பயிற்சித் தளத்துக்காகத்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அதற்குப் பொறுப்பு கோயம்புத்தூர் மகிமா. மகிமாவிடம் ஒரு சட்டம் உண்டு. ஒன்றுமே தெரியாத ஒருவர், யார் உதவியும் இல்லாமல், பாடத்தை மட்டும் படித்து முதல் ஐந்து பாடங்களை முடிக்க வேண்டும். முடித்தால்தான் அந்த மொழிப் பாடம் தளத்தில் ஏறும். எழுதியவர் பக்கத்தில் உட்காரலாம். பேசக் கூடாது, சைகை கூடாது.

"பாடத்தை நீங்க எவ்வளவு வேணா திருத்தலாம் அனிதா. ஆளைத் திருத்தக் கூடாது" என்று சொல்லியிருந்தாள் மகிமா.

முதல் சோதனைக்குத் தம்பி இமானுவேலை உட்காரவைத்தாள். அவன் முதல் வரியை வாசிப்பதற்குள் இவள் இரண்டாம் வரியை விளக்கிவிட்டாள். செல்லாது. அடுத்து அம்மா இருதயம்மாளை உட்காரவைத்தாள். அம்மா தப்பான பட்டனைத் தேடியபோது இவள் கை தானாகப் போய் சரியான பட்டனைத் தட்டிவிட்டது. அதுவும் செல்லாது. ஒரு ஆளை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். ஒருமுறை தெரிந்துகொண்டவரைத் திரும்பத் தெரியாதவராக்க எந்த வைத்தியமும் கிடையாது.

சனிக்கிழமைதான் கடைசி நாள். அதற்குள் ஒருவர் முடிக்காவிட்டால் திங்கட்கிழமை தளம் தமிழ் இல்லாமலே வெளிவரும். நினைக்கும்போதே அனிதாவுக்கு அழுகை வந்தது. கல்லூரியில் மைக்ரோபிராசசர் லேபில் கையில் ஆங்கிலப் புத்தகத்தோடு நின்று, 'நம்ம மண்டைக்கு இதெல்லாம் ஆகாது' என்று மூக்கை உறிஞ்சிய நாட்களை அவள் மறக்கவில்லை. அந்தப் புத்தகம் ஒவ்வொரு பக்கத்திலும் 'இது வெளிப்படை' என்றது. அவளுக்கு ஒன்றும் வெளிப்படவில்லை. இன்னொரு பிள்ளை அப்படி நிற்கக் கூடாது என்பதற்குத்தான் இந்தப் பாடம் முழுக்க.

"ஏன்க்கா, திராட்சைக் கொட்டகை தேவயானி அக்காகிட்ட இதப் பத்திப் பேசிருக்கியா?" என்றான் இமானுவேல்.

அனிதா யோசித்தாள். இல்லை. தேவயானியிடம் மட்டும் பேசியதே இல்லை. காரணம் எளிது. தேவயானி இருக்கிற இடத்தில் அடுத்தவர் வாயைத் திறக்க முடியாது.

"ஏலே, நீ நல்லாருப்படா!" என்று தம்பியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அனிதா செருப்பைத் தேடினாள்.

தேவயானியின் கொட்டகை ஊருக்கு வெளியே, மெயின் ரோட்டின் மேல் இருக்கிறது. தோட்டங்களிலிருந்து வரும் பன்னீர் திராட்சையை அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கத்தரியால் அழுகலையும் காயையும் நறுக்கித் தள்ளிவிட்டு, பெட்டியில் அடுக்குவார்கள். உதிர்ந்த பழம் ஒரு மூலையில் குவியும். பெட்டிகள் ஜீப்பில் ஏறிக் கூடலூர் வழியாகக் குமுளி தாண்டிப் போகும். எல்லாவற்றுக்கும் பில் போட ஒரு கம்ப்யூட்டர் உண்டு. தேவயானி வேகமாகத் தட்டுவாள், ஆனால் பில்லைத் தவிர வேறெதையும் தட்டியதில்லை. அனிதாவுக்கு வேண்டியது அப்படிப்பட்ட ஆள்தான்.

சனிக்கிழமை காலை அனிதா தன் போனைத் தராசின் மேல் சாய்த்து வைத்தாள். அதற்குள்ளிருந்து மகிமா எல்லாரையும் பார்த்துக் கையாட்டினாள். தேவயானி ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு, "சேட்டா, லோடு உச்சைக்கு முன்னே வரும், பேடிக்கண்டா" என்று மலையாளத்தில் ஒரு வியாபாரியைச் சமாதானப்படுத்திவிட்டு, இன்னொரு காதால் சட்டதிட்டங்களைக் கேட்டாள்.

"அதாவது நான் வாசிப்பேன். நீ வாயத் தொறக்க மாட்ட."

அனிதா தலையாட்டப் போனாள். போனுக்குள்ளிருந்து மகிமா, "சைகை!" என்றாள். அனிதா கழுத்தை நேராக்கிக்கொண்டாள்.

"நீ பேசாம இருக்குறதப் பாக்குறதுக்கே நான் காசு கொடுப்பேன்டி" என்றாள் தேவயானி. வட்டத்தில் இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அனிதாவுக்குத் தன் மேல் நம்பிக்கை இல்லை. உதிரிக் குவியலிலிருந்து ஒரு பிடி திராட்சையை அள்ளி வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டாள். மடியில் லேப்டாப். அதில் பாடத்தின் பக்கம், எந்த நேரமும் திருத்தத் தயாராக. இவள் இங்கே திருத்தினால், தேவயானி பக்கத்தைப் புதுப்பித்ததும் அங்கே மாறியிருக்கும்.

தேவயானி மனதுக்குள் வாசிக்கிற ரகமில்லை. கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தாள், வாசித்ததோடு சண்டையும் போட்டாள்.

"'பயப்பட வேண்டாம்.' யாருடி பயந்தா? ஏ யுவராணி, நான் பயந்தனா?"

"நீங்களாவது, பயப்படுறதாவது. உங்களப் பாத்து நாங்கதான் பயப்படணும்" என்றாள் கத்தரியை நிறுத்தாமலே யுவராணி. கொட்டகையில் தேவயானிக்கு வலது கை அவள்தான்.

அனிதா 'பயப்பட வேண்டாம்' என்பதை அழித்தாள்.

"'இது மிக எளிது.' எளிதுன்னா எனக்கு ஏன் முதல்தடவ வரல? அப்ப நான் மக்கா?"

அனிதாவுக்குச் சுருக்கென்றது. கல்லூரிப் புத்தகம் தனக்குச் செய்ததைத் தானும் செய்திருக்கிறாளே! 'மிக எளிது' என்று எங்கெங்கே எழுதியிருந்தாளோ அங்கெல்லாம் தேடித் தேடி அழித்தாள். பாடம் ஒரு சுற்று இளைத்தது. இளைத்ததும் நன்றாகத்தான் இருந்தது.

மற்றபடி வண்டி ஓடியது என்றால் அப்படி ஓடியது. உள்ளங்கை உதாரணத்தை வாசித்ததும் வட்டத்துப் பெண்கள் எல்லாரும் ஒரு பழத்தைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு எண்களைக் கூட்டுகிற மூன்றாம் பாடத்தில் விடை சரியாக வந்தபோது, "கால்குலேட்டர்ல ஒரு தட்டு தட்டுனா வரும், இதுக்கு இம்புட்டு வரியா?" என்று கேட்டாள் தேவயானி. ஆனாலும் எண்களை மாற்றிப் போட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்காமல் விடவில்லை. நாலாம் பாடத்தில், ஒரு துணை வேலையைக் கூப்பிட்டு முடித்துவிட்டு, ரிட்டர்னைச் சுருக்கி 'ரெட்' என்கிற கட்டளை போட்டால் பிராசசர் கூப்பிட்ட இடத்துக்கே திரும்பி வரும் என்பதையும் பிடித்துக்கொண்டாள். அனிதா இரண்டாம் பிடித் திராட்சையை அடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஐந்தாம் பாடம் வந்தது. அதுதான் கடைசி.

ஐந்தாம் பாடத்தில் 'ஜம்ப்' என்ற கட்டளை. செய்ய வேண்டியது இதுதான்: திரையில் முதலில் வணக்கம் வர வேண்டும், நடுவில் இருக்கும் வரியைத் தாண்ட வேண்டும், பிறகு நன்றி வர வேண்டும், நிரல் அமைதியாக முடிய வேண்டும். தேவயானி வாசித்தாள், உதட்டைக் கடித்தாள், தட்டினாள், ஓட்டினாள். வணக்கம் வந்தது. நன்றியும் வந்தது. அதற்கடியில் சிவப்பாக 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று விழுந்தது. வைக்கக் கூடாத இடத்தில் காலை வைத்துவிட்டாய் என்று கம்ப்யூட்டர் முகத்தில் அடிக்கிற செய்தி அது.

அனிதா எட்டிப் பார்த்தாள். நன்றியை அச்சடித்த கையோடு, நிரலை முடிக்கிற வரிகளுக்கு முன்னால், தேவயானி ஒரு 'ரெட்' போட்டு வைத்திருந்தாள். எங்கே திரும்புவது என்று தெரியாத பிராசசர் எங்கோ போய் விழுந்திருக்கிறது. ஏன் போட்டாள்? பாடத்தில் ரெட் போடச் சொல்லவே இல்லையே!

'அக்கா, அந்த ஒரு வரியை எடுங்க!' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அனிதா திராட்சையைக் கடித்தாள். கொட்டையும் சேர்ந்து நொறுங்கியது.

தேவயானி அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். மறுபடியும் ரெட். மறுபடியும் சிவப்பு. இன்னொரு தடவை, அதே கதை. இதுவரை கொட்டகையே அதிரப் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சைக் குறைத்தாள். பிறகு நிறுத்தினாள்.

"இல்ல பிள்ள" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள் தேவயானி. "நம்ம மண்டைக்கு இதெல்லாம் ஆகாது."

அனிதாவுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. அதே சொல். ஒரு சொல் மாறாமல் அதே சொல். வாயைத் திறந்தால் சோதனை செல்லாது, திறக்காவிட்டால் தேவயானி எழுந்துவிடுவாள். பாடத்தில்தான் எங்கோ தப்பு. ஆனால் எங்கே? பக்கத்தைப் படித்தாள். ஒன்றும் தெரியவில்லை. எழுத்தெழுத்தாகப் படித்தாள். ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் லட்சணமாக இருந்தது. 'ஜம்ப் கட்டளை வந்ததும் பிராசசர் நீங்கள் சொன்ன இடத்துக்குப் போய்விட்டு வரும்.' எவ்வளவு பாந்தமான வரி.

அந்த நேரம் பார்த்து வட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "அக்கா, மயிலாடும்பாறையில மகளுக்குப் பிரசவம். ரெண்டு மாசம் அங்கனதான் இருப்பேன். போயிட்டு வாரேன்."

"போயிட்டு வா ஆத்தா" என்றாள் தேவயானி.

அனிதாவின் தாடை தொங்கியது. ஒரு திராட்சை வெளியே விழுந்து உருண்டது.

ரெண்டு மாசம் வரப்போவதில்லை, ஆனாலும் போயிட்டு வாரேன்! வேறு எப்படிச் சொல்வாள்? 'போறேன்' என்று வெறுமனே இந்தப் பக்கம் யார் சொல்வார்கள்? அனிதாவின் வீட்டில் யாராவது அவசரத்தில் 'போறேன்' என்று சொல்லிவிட்டால் இருதயம்மாள் விடமாட்டாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, திருத்திச் சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். அந்த வீட்டில் வளர்ந்த கை பிராசசரைப் போய் 'போ' என்று எழுதுமா? மரியாதையாக, மங்களகரமாக, போய்விட்டு வரும் என்று எழுதிவிட்டது. ஜம்ப் திரும்பி வருகிற ஜாதியே இல்லை. போனால் போனதுதான். பாடம் போய்விட்டு வரச் சொன்னது. வருவதற்கு ஒரு ரெட் வேண்டும் என்று நாலாம் பாடத்தை ஒழுங்காகப் படித்த தேவயானி ஒழுங்காகப் போட்டாள். தப்பு அவள் மண்டையில் இல்லை!

தேவயானி எழுந்துவிட்டாள். அனிதா லேப்டாப்பின் மேல் பாய்ந்தாள். அந்த வரியை அழித்தாள். 'போகும்' என்று எழுதினாள். போதாது, இன்னும் அழுத்தமாக வேண்டும். 'போ' என்று தட்டும்போது விரல் கூசியது. மனதுக்குள் அம்மாவிடமும் மாதாவிடமும் ஒருசேர மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தட்டினாள். பிறகு பக்கம் மாறியிருப்பது தெரியட்டும் என்று அந்த வரியைப் பெரிய எழுத்தாக்கிச் சேமித்தாள்.

எழுந்த தேவயானி, போகிற போக்கில் பழக்கதோஷத்தில் புதுப்பிக்கும் பட்டனை ஒரு தட்டுத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். கொட்டகைக்கே கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"'போ. போனால் போனதுதான். திரும்பி வராதே.'"

கத்தரிகள் நின்றன.

"ஆத்தாடி!" என்று வாயில் கை வைத்தாள் யுவராணி. "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது!"

தேவயானி மெதுவாகத் திரும்பினாள். "ஏன்டி, என் கொட்டகையில உக்காந்துக்கிட்டு, என் பழத்தத் தின்னுக்கிட்டு, என்னையவா போகச் சொல்ற?"

அனிதா இல்லை என்று கையை ஆட்டப் போனாள். "சைகை! சைகை!" என்று தராசின் மேலிருந்து கத்தினாள் மகிமா. தூக்கிய கையை அப்படியே இறக்கி, கன்னம் இரண்டும் உப்பியிருக்க, கண்ணில் நீர் முட்ட, அனிதா தட்டினாள். தேவயானி புருவத்தை உயர்த்திக்கொண்டே பட்டனை அழுத்தி வாசித்தாள்.

"'உங்களை இல்லை. பிராசசரை. ஜம்ப் சொன்னால் அது போய்விடும். தானாகத் திரும்பி வராது.'"

யுவராணி சிரித்த சிரிப்பில் பெட்டி ஒன்று சரிந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். மகிமாவும் அடக்க முடியாமல் சிரித்தாள். தேவயானி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போனா வராதா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். "அப்ப வாரதுக்கு நான் ஏன் ரெட்டப் போட்டு வச்சிருக்கேன்? வராத ஆளுக்குச் சோறாக்கி வச்ச கதையால்ல இருக்கு!"

ரெட்டை எடுத்தாள். ஓட்டினாள்.

வணக்கம் வந்தது. நன்றி வந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, சிவப்பும் இல்லை கிவப்பும் இல்லை. கொட்டகையே ஓவென்று கத்தியது. ரோட்டில் போன ஒரு ஜீப் விபத்தோ என்று வேகத்தைக் குறைத்து, யாரோ கை தட்டுவதைப் பார்த்துவிட்டுப் போனது. யுவராணி கத்தரியைத் தலைக்கு மேல் தூக்கி டக்டக்கென்று அடித்தாள்.

"பாஸ்!" என்றாள் மகிமா. "அஞ்சும் பாஸ். தமிழ் திங்கட்கிழமை வருது. அனிதா, உண்மையச் சொல்றேன், அந்த 'போய்விட்டு வரும்' வரியை நானும் எத்தனையோ தடவை படிச்சேன், எனக்கும் தப்பாவே தெரியல. சரி, இனிமே நீங்க பேசலாம்."

அனிதா திராட்சையை விழுங்கினாள். சொல்வதற்கு மலை மலையாக இருந்தது. ஜம்ப்பைப் பற்றி, ரெட்டைப் பற்றி, தேவயானி அக்கா எவ்வளவு சரியாகத் தப்புச் செய்தார் என்பதைப் பற்றி. மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பிக்கப் போனாள்.

தேவயானி அவள் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள். பக்கம் முடிந்தது. முடிந்த இடத்தையும் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"ஆறாவது பாடம் எங்கன இருக்கு?"

"எழுதலக்கா" என்றாள் அனிதா.

"ஏன்?"

"அஞ்சுக்கு மேல இதுவரைக்கும் யாரும் வந்ததில்லக்கா" என்று சொல்லும்போதே அனிதாவுக்கு அழுகை பீறிட்டது. அடக்கவும் தோன்றவில்லை. இருப்பதிலேயே பெரிய சந்தோஷத்தில், எல்லாரும் பார்க்க, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள்.

வெளியே லோடு ஏற்ற வந்த ஜீப் ஹாரனை அடித்தது. தேவயானி கம்ப்யூட்டரை விட்டு எழவில்லை.

"யுவராணி, இன்னைக்குப் பில்லக் கையால எழுதிக் குடுத்துரு" என்றாள். காலால் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து அனிதாவின் பக்கம் தள்ளினாள். "அழுதது போதும், உக்காரு. எழுத எழுத இங்கிட்டுத் தள்ளு, நான் வாசிக்கிறேன்."